ஒலியும் குவியமும்: டி.எஸ்.எல்.ஆர். ஒளிப்படக் கருவி திரைக் கருவியான வரலாறு (2008–2012)

ஆய்வுச்சுருக்கம்

2008ஆம் ஆண்டின் இறுதியில் டி.எஸ்.எல்.ஆர். எனப்படும் ஒற்றை வில்லை எதிரொளிப்பு ஒளிப்படக் கருவிகளில் காணொளிப் பதிவு வசதி இணைக்கப்பட்டது. இதனால் திரைப்பட உருவாக்கம் பொருள்வளம் குறைந்தோர் கைக்கும் எட்டியது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ள வரலாறு. அவ்வரலாறு பெரும்பாலும் படிமத்தின் அழகை மையமாகக் கொண்டு எழுதப்பட்டது. அக்கருவிகள் ஒலியைப் பதிவதில் கொண்டிருந்த குறைகளும், படக்கூர்மையைக் காப்பதில் ஏற்படுத்திய இடர்களும், அவற்றைக் கடக்கப் பயனாளர்கள் கண்ட வழிகளும் அதில் உரிய இடம் பெறவில்லை. 2008 முதல் 2012 வரையிலான காலத்தை எடுத்துக்கொண்டு, அந்த விடுபட்ட பகுதியை இக்கட்டுரை ஆராய்கிறது. கருவி மலிவானபோது உழைப்பு குறையவில்லை; அது வேறு கைகளுக்கு இடம்மாறியது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: டி.எஸ்.எல்.ஆர்., ஒலிப்பதிவு, புல ஆழம், ஒத்திசைவு, குறும்படம், கள ஆவணம்.

முன்னுரை

திரைப்படத் தொழில்நுட்ப வரலாற்றில் ஒலியும் படமும் பலமுறை இணைந்தும் பிரிந்தும் வந்துள்ளன. பேசும்பட ஸ்டூடியோக்களில் படம் ஒரு கருவியிலும் ஒலி மற்றொரு கருவியிலும் பதிவாயின. 1950களின் இறுதியில் நாக்ரா போன்ற கையடக்க ஒலிநாடாக் கருவிகள் வந்தபின், அந்த இரட்டை முறை ஸ்டூடியோவை விட்டுத் தெருவுக்கு வந்தது. 1960இல் அமெரிக்காவில் உருவான ‘பிரைமரி’, 1961இல் பிரான்சில் ஜான் ரூஷும் எட்கார் மோரேனும் உருவாக்கிய ‘ஒரு கோடைகாலத்தின் வரலாறு’ ஆகிய ஆவணப்படங்கள் இந்த மாற்றத்தின் விளைவுகள். பின்னர் 1982இல் அறிமுகமான பீட்டாகேம் போன்ற வீடியோ கருவிகள் படத்தையும் ஒலியையும் ஒரே நாடாவில் சேர்த்தன. செய்தியாளர்களும் ஆவணப்பட இயக்குநர்களும் ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் அந்த இணைப்பை இயல்பானதாகக் கருதிப் பணியாற்றினர்.

டி.எஸ்.எல்.ஆர். கருவிகளின் வருகை இந்த இணைப்பை மீண்டும் அறுத்தது. திட்டமிட்டு நிகழ்ந்த மாற்றம் அன்று இது. ஒளிப்படம் எடுப்பதற்காக வடிவமைக்கப்பட்ட கருவியில் காணொளி ஒரு கூடுதல் வசதியாகச் சேர்ந்ததால் நேர்ந்தது. எனவே இம்மாற்றத்தை அறிய, முதலில் அக்கருவிகள் எவ்வாறு அமைந்திருந்தன என்பதைக் காண வேண்டும்.

இரண்டு கருவிகள், ஒரே பருவம்

2008 ஆகஸ்டில் நிக்கான் நிறுவனம் டி90 என்னும் கருவியை அறிவித்தது. காணொளி எடுக்கும் முதல் டி.எஸ்.எல்.ஆர். அதுவே. நொடிக்கு 24 சட்டகங்கள் வீதம் 720 வரிப் படத்தை அது பதிந்தது. உயர் தெளிவுப் பதிவில் ஒரு துண்டு 5 நிமிடங்களுக்கு மேல் நீளாது. உட்புற மைக்கின் ஒற்றைத் தட ஒலி நொடிக்கு ஏறத்தாழ 11,000 மாதிரிகள் என்ற அளவில் பதிவானது. குறுந்தகட்டின் அளவான 44,100உடன் ஒப்பிட்டால் இது கால் பங்கு. மாதிரி வீதத்தில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண்களைப் பதிய இயலாது என்பதால், டி90 பதிந்த குரலில் ஏறத்தாழ 5,500 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதி இல்லை. ‘ஸ’ போன்ற உரசொலிகளின் ஆற்றலில் பெரும்பகுதி அமைவது அதற்கு மேற்பட்ட பரப்பில்தான். வெளி மைக்கைப் பொருத்தவும் அதில் துளை இல்லை.

அடுத்த மாதமே கேனான் நிறுவனம் 5டி மார்க் 2 கருவியை அறிவித்தது. 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்ட முழுச் சட்டகச் சென்சாரில் நொடிக்கு 30 சட்டகங்கள் வீதம் 1080 வரிப் படத்தை அது பதிந்தது. 3.5 மி.மீ. மைக் துளை இருந்தது. ஒலி 44,100 மாதிரி வீதத்தில் பதிவானது. ஆயினும் ஒலி அளவைக் கையால் அமைக்க வழியில்லை. பதிவாவதைக் கேட்க ஹெட்ஃபோன் துளையும் இல்லை. காணொளியில் ஷட்டர் வேகத்தையும் அபெர்ச்சரையும் கருவியே தன்னியக்கமாகத் தீர்மானித்தது. அதைத் தவிர்க்க விரும்பியோர் இணைப்பு வளையத்தின் துணையோடு நிக்கான் நிறுவனத்தின் பழைய வில்லைகளைக் கேனான் கருவியில் பொருத்தினர். அவற்றில் அபெர்ச்சரைக் கையால் திருப்பும் வளையம் இருந்ததே காரணம்.

இவ்வசதியின் தொடக்க நோக்கம் திரைப்படம் அன்று. இணையச் செய்திக்காகச் சிறு காணொளித் துண்டுகளையும் சேர்த்து எடுக்க வேண்டிய நிலைக்குச் செய்தி நிறுவனங்களின் ஒளிப்படக்காரர்கள் வந்திருந்தனர். அவர்களே முதன்மைப் பயனாளர்களாகக் கருதப்பட்டனர். அவ்வகைத் துண்டுகளுக்குத் தன்னியக்க ஒலி போதுமானது. அதே செப்டம்பரில் ஒளிப்படக்காரர் வின்சென்ட் லஃபோரே, முன்மாதிரிக் கருவியைக் கொண்டு 72 மணி நேரத்துக்குள் ‘ரெவரி’ என்னும் குறும்படத்தை உருவாக்கினார். இரவு ஒளியில் எடுக்கப்பட்ட அப்படமே இக்கருவியின் ஆற்றலைத் திரைத்துறைக்கு அறிவித்தது. அது உரையாடலை நம்பியிராமல் இசையால் நடத்தப்பட்ட படம் என்பது இங்குக் கருதத்தக்கது. நேரடி ஒலி தேவைப்படாத படைப்பால் புகழ்பெற்ற கருவியைப் பிறர் நேரடி ஒலிக்கும் ஏற்றதென எண்ணினர். தொடக்ககால டி.எஸ்.எல்.ஆர். படைப்புகளில் இசையோடு கூடிய காட்சித் தொகுப்புகள் மிகுந்திருந்ததற்கு அழகியல் விருப்பத்தோடு இந்த ஒலிக்குறையும் ஒரு காரணமாகலாம்.

தன்னியக்க ஒலிக் கட்டுப்பாடு என்னும் இடர்

ஒலியின் வலிமைக்கேற்பப் பெருக்கத்தைக் கூட்டியும் குறைத்தும் சராசரி அளவைப் பேணும் மின்சுற்று, தன்னியக்க ஒலிப்பெருக்கக் கட்டுப்பாடு எனப்படும். பேசுபவர் ஓங்கிப் பேசினால் பெருக்கம் குறையும். அவர் நிறுத்தியதும் சுற்று அமைதியைக் ‘குறைந்த ஒலி’ எனக் கொண்டு பெருக்கத்தை உயர்த்தும். அப்போது மின்விசிறியின் ஒலி, தொலைவில் செல்லும் வண்டியின் இரைச்சல், கருவியின் முன்பெருக்கியே எழுப்பும் சீறல் ஆகியவை மேலெழும். அடுத்த சொல் தொடங்கியதும் அவை மீண்டும் அமிழும். ஒரே வாக்கியத்தினுள் பின்னணி இரைச்சல் ஏறியிறங்குவதைப் படத்தொகுப்பில் முழுவதும் சீர்செய்ய இயலாது.

இதற்கு மூன்று வகையான தீர்வுகள் தோன்றின. முதலாவது மின்னணுத் தந்திரம். மைக்குக்கும் கருவிக்கும் இடையில் பொருத்தப்பட்ட சில முன்பெருக்கிப் பெட்டிகள், ஒரு தடத்தில் செவிக்கு எட்டாத அல்லது பின்னர் நீக்கத்தக்க தொடர் ஒலி ஒன்றை வலிமையாகச் செலுத்தின. கருவி எப்போதும் உரத்த ஒலி உள்ளதாகக் கொண்டு பெருக்கத்தைத் தாழ்த்தியே வைத்தது. மற்றொரு தடத்தில் குரல் நிலையான அளவில் பதிவானது. இரண்டு தடங்களில் ஒன்று இதற்கு விலையாயிற்று.

இரண்டாவது மென்பொருள் வழி. 2009இல் டிரம்மெல் ஹட்சன் என்னும் நிரலாளர் 5டி மார்க் 2 கருவிக்காக ‘மேஜிக் லேன்டர்ன்’ என்னும் துணைநிரலை உருவாக்கி வெளியிட்டார். தன்னியக்கக் கட்டுப்பாட்டை நிறுத்துதல், ஒலி அளவைக் கையால் அமைத்தல், திரையில் ஒலிமானியைக் காட்டுதல் ஆகியவை அதன் தொடக்க வசதிகளில் அடங்கும். பயனாளர் சமூகத்தில் பிறந்த இந்நிரல் தொடக்கத்திலேயே ஒலியின் குறையை எதிர்கொண்டது என்பது வரலாற்றுச் சான்றாகக் கொள்ளத்தக்கது. படத்தில் வியந்தவர்களை உண்மையில் வருத்திய குறை எது என்பதை அது காட்டுகிறது.

தயாரிப்பாளரும் படிப்படியாக இறங்கி வந்தார். 2009 ஜூனில் கேனான் வெளியிட்ட உள்நிரல் காணொளியில் அபெர்ச்சரையும் ஷட்டரையும் கையால் அமைக்க வழிசெய்தது. 2010 மார்ச்சில் வந்த அடுத்த உள்நிரல் கையால் ஒலி அளவை அமைக்கும் வசதி, 48,000 மாதிரி வீதம், நொடிக்கு 24 மற்றும் 25 சட்டகங்கள் ஆகியவற்றைத் தந்தது. 2009இல் வெளியான 7டி கருவிக்கோ கையால் ஒலி அளவை அமைக்கும் வசதி 2012 ஆகஸ்டில்தான் கிட்டியது.

மூன்றாவது தீர்வே நிலைத்தது: ஒலியைக் கருவியிலிருந்து வெளியேற்றித் தனிப் பதிவியில் பதிதல். ஸூம் நிறுவனம் 2009இல் வெளியிட்ட எச்4என் போன்ற சிறு பதிவிகளில் தொழில்முறை மைக்குகளுக்கான எக்ஸ்.எல்.ஆர். இணைப்பும், அவற்றுக்கு மின்னூட்டும் வசதியும், ஹெட்ஃபோனும் இருந்தன. 1960களின் இரட்டை முறை, ஐம்பது ஆண்டுகள் கழித்து எண்ணியல் வடிவில் திரும்பியது.

ஒத்திசைவின் கணக்கு

தனித்தனியாகப் பதிந்த படத்தையும் ஒலியையும் சேர்க்க இரண்டு தேவைகள் உள்ளன. தொடக்கப் புள்ளி பொருந்த வேண்டும். பின்னர் இரு கருவிகளின் கடிகாரங்களும் விலகாதிருக்க வேண்டும்.

தொடக்கப் புள்ளிக்குக் கிளாப் பலகை போதுமானது. பலகை இல்லாதோர் கையைத் தட்டினர். 2009இல் வெளிவந்த ‘ப்ளூரல் ஐஸ்’ என்னும் மென்பொருள் கருவியில் பதிவான ஒலியையும் பதிவியின் ஒலியையும் அலைவடிவால் ஒப்பிட்டுத் தானே பொருத்தியது. இதனால் கருவியின் குறைபட்ட மைக்குக்கு ஒரு புதிய பணி கிடைத்தது. பார்வையாளர் கேட்பதற்குப் பயன்படாத அவ்வொலி, கணினி பொருத்துவதற்கான வழிகாட்டு ஒலியாயிற்று. 2011இல் வந்த ‘ஃபைனல் கட் புரோ எக்ஸ்’ தொகுப்பு மென்பொருளில் இவ்வசதி உள்ளமைந்தே வந்தது.

இரண்டாவது தேவையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இரு கடிகாரங்களுக்கிடையே பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபாடு இருப்பதாகக் கொண்டால், ஒரு மணி நேரத்தில் விலகல் 72 மில்லி நொடி. நொடிக்கு 25 சட்டகங்கள் என்ற வீதத்தில் அது ஏறத்தாழ இரண்டு சட்டகங்கள். பேசுபவரின் உதட்டசைவும் குரலும் பொருந்தாமையை உணரத் தொடங்கும் அளவு இது. ஆனால் 5டி மார்க் 2 கருவியில் கோப்பின் அளவு 4 ஜி.பி.யைத் தாண்டாது என்பதால், ஒரு துண்டு ஏறத்தாழ 12 நிமிடங்களில் முடிந்துவிடும். 12 நிமிடங்களில் விலகல் 15 மில்லி நொடிக்கும் குறைவு; அரைச் சட்டகத்தைக்கூட எட்டாது. பயனாளர்கள் பெருங்குறையாகக் கருதிய அந்த வரம்பே ஒத்திசைவைக் காத்தது. 35 மி.மீ. படச்சுருளின் 1,000 அடி நீளமும் நொடிக்கு 24 சட்டகங்கள் வீதம் ஏறத்தாழ 11 நிமிடங்களே ஓடும் என்பதை இதனோடு ஒப்பிடலாம்.

கடிகார விலகலைவிடத் தொல்லை தந்தது சட்டக வீதம். தொடக்கத்தில் 5டி மார்க் 2 மிகச் சரியாக நொடிக்கு 30 சட்டகங்கள் பதிந்தது. அமெரிக்க ஒளிபரப்பு வீதமோ 29.97. அவ்வீதத்துக்கு ஏற்பப் படத்தை மெதுவாக்கினால் ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு தோன்றும். 12 நிமிடத் துண்டின் முடிவில் தனி ஒலி முக்கால் நொடியளவு முந்தும். 2010 மார்ச் உள்நிரல் இதனைத் திருத்தியது.

இந்தியா போன்று 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் இது வேறொரு சிக்கலையும் தந்தது. இங்குக் குழல்விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. 1/50 நொடி ஷட்டர் சரியாக இரண்டு துடிப்புகளை ஏற்கும். ஒவ்வொரு சட்டகத்திலும் ஒளியளவு சமமாக இருக்கும். 1/60 நொடியில் அது சமமாவதில்லை; படத்தில் மினுக்கமும் கிடைக்கோட்டுப் பட்டைகளும் தோன்றும். ஷட்டரைக் கருவியே தீர்மானித்த முதல் சில மாதங்களில் குழல்விளக்கின் கீழ் எடுத்த படங்களில் இக்குறையைத் தவிர்ப்பது பயனாளரின் கையில் இல்லை.

கூர்மையின் விலை

இக்கருவிகளின் புகழுக்கு அடிப்படை, பொருளைக் கூர்மையாகவும் பின்னணியை மங்கலாகவும் காட்டும் குறைந்த புல ஆழம். அந்நாளில் எளிய வீடியோ கருவிகளில் இருந்த மூன்றிலொரு அங்குலச் சென்சாரின் அகலம் 5 மி.மீ.க்கும் குறைவு. முழுச் சட்டகச் சென்சாரோ அதைவிட ஏழு மடங்குக்கு மேல் அகலமானது. 2 மீட்டர் தொலைவில் நிற்பவரை 50 மி.மீ. வில்லையால், எஃப்/2 அபெர்ச்சரில், முழுச் சட்டகத்தில் எடுத்தால் கூர்மையான பகுதியின் ஆழம் ஏறத்தாழ 19 செ.மீ. அதே காட்சிக்கோணத்தையும் அதே அபெர்ச்சரையும் சிறு சென்சாரில் கொண்டால் அவ்வாழம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். வீடியோ கருவியில் நடிகர் ஓரடி முன்னே வந்தாலும் படம் கெடாது, டி.எஸ்.எல்.ஆர். கருவியில் அவர் சற்று முன்சாய்ந்தாலே கண்கள் மங்கும்.

இந்த இடரைத் தாங்கும் வகையில் கருவி அமையவில்லை. காணொளியின்போது எதிரொளிப்புக் கண்ணாடி மேலே உயர்ந்திருப்பதால், ஒளிப்படத்துக்கான விரைவுத் தன்னியக்கக் குவியம் இயங்காது. காட்சிக்காண் துளையும் இருண்டுவிடும். எஞ்சியது பின்புறத்துள்ள 3 அங்குலத் திரை மட்டுமே. வெளித் திரையை இணைத்தாலும் 5டி மார்க் 2 பதிவு தொடங்கியவுடன் வெளியீட்டை 480 வரிகளாகக் குறைத்தது. குவியத்தைச் சரிபார்க்க வேண்டிய நேரத்திலேயே திரை தெளிவிழந்தது. பின்திரைமேல் பொருத்தும் உருப்பெருக்கி, வில்லையின் வளையத்தைப் பற்சக்கரத்தால் திருப்பும் ஃபாலோ ஃபோகஸ், தோளில் தாங்கும் சட்டம் ஆகியவை ஒரு தனிச் சந்தையாக வளர்ந்தன. சில அமைப்புகளில் இவற்றின் மொத்த விலை கருவியின் விலையையே எட்டியது.

பகல் வெளியில் மற்றுமொரு முரண் எழுந்தது. 24 அல்லது 25 சட்டக வீதத்தில் அசைவு இயல்பாகத் தோன்ற ஷட்டர் 1/50 நொடியளவில் இருக்க வேண்டும். அவ்வேகத்தில் வெயிலுக்கு எஃப்/2 மிக அகலம், படம் வெளிறிவிடும். ஷட்டரை விரைவாக்கினால் அசைவு வெட்டிவெட்டித் தெரியும். அபெர்ச்சரைச் சுருக்கினால் விரும்பிய மங்கல் பின்னணி போய்விடும். நடுநிலை அடர்த்தி வடிகட்டியே ஒரே வழி. இதனோடு, 5,616 படப்புள்ளி அகலமுள்ள சென்சாரை 1,920ஆகச் சுருக்கும்போது கருவி வரிகளைத் தவிர்த்துப் படித்ததால், செங்கற்சுவர், கட்டமிட்ட துணி போன்றவற்றில் பொய்யான அலைக்கோடுகள் தோன்றின. இவற்றைக் கூர்மையைக் கூட்டி நீக்க இயலாது; கூட்டினால் அவை மேலும் துலங்கும்.

இவ்விடர்களைப் பெருங்குழுக்கள் எளிதில் ஏற்றன. 2010 மே மாதம் ஒளிபரப்பான ‘ஹவுஸ்’ தொடரின் ஆறாம் பருவ இறுதிப் பகுதி 5டி மார்க் 2 கருவியால் எடுக்கப்பட்டது. இடிந்த கட்டடத்தின் குறுகிய இடைவெளிக்குள் கருவி நுழைய முடிந்தது அதற்கு உதவியது. ஆனால் அத்தகைய தொடரில் குவியத்துக்கென ஓர் உதவியாளரும் ஒலிக்கென ஒரு குழுவும் எப்போதும் உண்டு. தனியொருவராகப் படமெடுத்தவரோ இவ்விரு பணிகளையும் தாமே ஏற்க நேர்ந்தது. ஒலியின் தரத்தைத் தீர்மானிப்பது மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தொலைவு. திறந்த வெளியில் தொலைவு இருமடங்கானால் ஒலி 6 டெசிபெல் குறையும். 2 மீட்டரில் உள்ள கருவியின்மேல் பொருத்திய மைக், அரை மீட்டரில் கோலால் நீட்டிய மைக்கைவிட 12 டெசிபெல் குறைவான குரலையே பெறும். சூழல் இரைச்சலோ இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே. எனவே கோல் பிடிக்க மற்றொருவர் தேவைப்பட்டார்.

தமிழ்ச் சூழல்

தமிழ்த் திரைப்படத்தில் படப்பிடிப்பின்போது வழிகாட்டு ஒலியை மட்டும் பதிந்து, பின்னர்க் கூடத்தில் குரல் சேர்க்கும் டப்பிங் முறையே நெடுங்காலமாக வழக்கம். 2004இல் வெளியான ‘விருமாண்டி’ போன்று நேரடி ஒலியை மேற்கொண்ட படங்கள் விதிவிலக்காகவே சுட்டப்பட்டன. ஆதலால் மேலைநாட்டுத் தனிப் படைப்பாளிகளை முடக்கிய ஒலிக்குறை, தமிழ்ப் புனைவுப் படங்களை அதே அளவில் முடக்கவில்லை. 2012இல் வெளியான பாலாஜி சக்திவேலின் ‘வழக்கு எண் 18/9’ டி.எஸ்.எல்.ஆர். கருவியால் எடுக்கப்பட்டுத் திரையரங்குகளில் ஓடியது. கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சி வழியே கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன் ஆகியோர் அறிமுகமான காலமும் இக்கருவிகள் பரவிய காலமும் ஒன்றே.

டப்பிங் என்னும் புகலிடம் ஆவணப்படத்துக்கும் களஆய்வுக்கும் இல்லை. வாய்மொழி வழக்காறு, கூத்து, சடங்கு, நேர்காணல் ஆகியவற்றில் குரலை மீண்டும் பதிய இயலாது. தெருக்கூத்தில் மத்தளமும் முகவீணையும் ஓங்கி ஒலித்தபின் கட்டியங்காரன் தாழ்குரலில் பேசும் இடத்தைத் தன்னியக்கக் கட்டுப்பாட்டுடன் பதிந்தால், இரண்டும் ஏறத்தாழ ஒரே உரப்பில் கேட்கும். நிகழ்த்துநர் அமைத்த ஒலி ஏற்றத்தாழ்வு அப்பதிவில் இராது. அப்பதிவைக் கொண்டு ஒலிநயத்தைப் பற்றி முடிவு கூறும் ஆய்வாளர், நிகழ்த்துநரின் தேர்வையும் மின்சுற்றின் தலையீட்டையும் பிரித்தறிய வேண்டும். சட்டகத்தின் விளிம்பில் உள்ள இசைஞர் மங்கலாகத் தெரிந்தால், அது படப்பிடிப்பாளரின் விருப்பமா, புல ஆழத்தின் கட்டாயமா என்பதும் வினவத்தக்கது.

காப்பகப் பணியிலும் இக்காலப் பதிவுகள் தனிக் கவனத்தைக் கோருகின்றன. படக்கோப்பு ஒரு நினைவட்டையிலும் ஒலிக்கோப்பு மற்றொன்றிலும் பிறந்தவை. அவற்றை இணைத்தது தொகுப்பு மென்பொருளின் திட்டக் கோப்பு. காணொளிக் கோப்பை மட்டும் பாதுகாத்தால் எஞ்சுவது தரம் குன்றிய வழிகாட்டு ஒலியே. மூலக் கோப்புகள் இரண்டும், சட்டக வீதம், ஒலி மாதிரி வீதம், கருவியின் உள்நிரல் பதிப்பு ஆகிய குறிப்புகளும் சேர்ந்தே காக்கப்பட வேண்டும். கருவியில் பதிவான ஒலியைக் குப்பையென நீக்குவதும் தவறு. இழந்த ஒத்திசைவை மீட்க அதுவே துணை.

முடிவுரை

2012இல் வெளியான நிக்கான் டி4, டி800, கேனான் 5டி மார்க் 3 ஆகியவற்றில் ஹெட்ஃபோன் துளை அமைந்தது. 2013இல் வந்த கேனான் 70டி, சென்சாரிலேயே இயங்கும் விரைவுத் தன்னியக்கக் குவியத்தைக் காணொளிக்குக் கொண்டுவந்தது. இக்கட்டுரை கருதிய இடைக்காலம் அத்துடன் முடிவடைகிறது.

அந்த நான்கு ஆண்டுகளில் கருவியின் விலை வீழ்ந்தது உண்மை. அதே வேளையில் குவிய உதவியாளரும் ஒலிப்பதிவாளரும் ஆற்றிவந்த பணி மறையவில்லை. ஊதியமின்றி உதவிய நண்பர்களிடமும், துணைநிரல் எழுதிய ஆர்வலர்களிடமும், படத்தொகுப்பாளரின் கூடுதல் மணிநேரங்களிடமும் அது சென்று சேர்ந்தது. தலைப்பட்டியலில் ஒரே பெயர் தாங்கிய படங்களின் பின்னுள்ள இவ்வுழைப்பைக் கணக்கிற்கொள்ளாமல் எளிமையாக்கத்தின் வரலாற்றை எழுத இயலாது. இக்காலத்துப் பதிவுகளைச் சான்றாகக் கொள்ளும் தமிழ் ஆய்வுகள், பதிவின் உள்ளடக்கத்தோடு அதனைப் பதிந்த கருவியின் இயல்பையும் படிக்க வேண்டும் என்பது இவ்வாய்வின் வழி பெறப்படும் முடிவாகும்.